“அந்த ஏரியாவா? கடன் கிடையாது!”

போன இதழில், சிறுதொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடனைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கண்ணகி நகர், வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு என்று நான் நன்றாக அறிந்த பகுதிகளிலிருந்து வந்தவை. ஒரு பொதுத்துறை வங்கியில் 33 வருடம் இருந்தேன். அதில் பாதிக் காலம் வடசென்னைக் கிளைகளில்தான் போனது. அதனால் இந்த இதழில் என் பக்கம் முழுவதையும் இந்தக் கடிதங்களுக்கே வைத்துவிட்டேன்.

கண்ணகி நகரில் இருக்கிறேன். துரைப்பாக்கத்தில் கம்பெனிகள் இருக்கும் பக்கம் ஆறு வருடமாகத் தள்ளுவண்டியில் இட்லி, பூரி போடுகிறேன். கிரைண்டரும் புது வண்டியும் வாங்க 50,000 ரூபாய் கேட்டு இரண்டு வங்கிக்குப் போனேன். ஒரு இடத்தில் ஆதாரைப் பார்த்ததுமே, “கண்ணகி நகரா? அந்த ஏரியாவுக்குக் கொடுக்கிறதில்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில், “வீட்டுப் பத்திரம், நகை ஏதாவது இருந்தால் கொண்டு வாம்மா” என்றார்கள். எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா மேடம்?
– ஒரு வாசகி, கண்ணகி நகர்

வழி இருக்கிறதம்மா. அதைச் சொல்வதற்கு முன், உங்களிடம் அந்த இரண்டு இடத்திலும் பேசிய விதம் தவறு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை.

குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. 2015 ஏப்ரலில் வந்த முத்ரா திட்டத்திலும் அப்படித்தான். 50,000 வரை ‘சிசு’, அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’, 10 லட்சம் வரை ‘தருண்’. மூன்றுக்குமே பத்திரமோ நகையோ தேவையில்லை. கடன் பணத்தில் நீங்கள் வாங்கும் கிரைண்டரும் வண்டியும்தான் வங்கிக்கு ஈடு.

அப்படியென்றால் பணம் திரும்பி வராவிட்டால் வங்கி என்ன செய்யும்? அதற்குத்தான் மத்திய அரசு ஓர் உத்தரவாத நிதியை வைத்திருக்கிறது. கடன் வாராக் கடனாகிவிட்டால், நஷ்டத்தில் ஒரு பங்கை அந்த நிதி வங்கிக்குக் கொடுக்கும். பத்திரம் இல்லாதவர், நகை இல்லாதவர், அப்பா தாத்தா சொத்து வைத்துவிட்டுப் போகாதவர், இவர்களுக்கும் கடன் போக வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடே வந்தது. அப்படியிருக்க, அதே கடனுக்கு “நகை கொண்டு வா” என்பது என்ன நியாயம்?

ஏரியா விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிளையில் நான் களப்பணி அதிகாரியாக இருந்தேன். சில தெருக்களிலிருந்து வரும் விண்ணப்பங்களின் மூலையில் எங்கள் மேலாளர் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவார். கோடு விழுந்த விண்ணப்பத்தை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். மாவு மிஷின் வைக்கக் கடன் கேட்ட ஒரு பெண் ஏழெட்டு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் “அடுத்த வாரம் வாங்க” என்று சொல்லி அனுப்பியது நான்தான். கோட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. பிறகு நானே மேலாளராக இருந்த வருடங்களில் எல்லாத் தெருவுக்கும் கடன் கொடுத்தேன். கட்டாமல் போனவர்களும் இருந்தார்கள். அண்ணா நகர்க்காரரும் இருந்தார், ஓட்டேரிக்காரரும் இருந்தார். கடையில் உட்கார்ந்து தொழில் பார்த்தவர் கட்டினார், தொழிலை விட்டவர் கட்டவில்லை. நான் பார்த்தவரை வித்தியாசம் அவ்வளவுதான்.

கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்ற இடங்களிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியை நீங்களாகத் தேடிப் போகவில்லை. ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகாவுக்கும் அதே முகவரிதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆதாரில் பழைய முகவரி இருந்தால் முதலில் மாற்றுங்கள். மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பாதித் தடங்கல் இங்கேதான் வரும். ஆதார் ஓரிடம், ரேஷன் கார்டு வேறிடம், வீட்டு ஒதுக்கீட்டு ஆணை மாமியார் பெயரில் என்று இருக்கும். ஆணை உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆதாரும் வங்கிப் புத்தகமும் ஒரே முகவரியைக் காட்டினால் போதும். அப்புறம், உத்யம் பதிவு, அதாவது உங்களுடையது ஒரு சிறுதொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு, அதைச் செய்துகொள்ளுங்கள். முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் முடிந்துவிடும். உங்கள் வண்டி கம்பெனிகள் பக்கம் நிற்பதால் பாதிப் பேர் ஜிபே-யில்தான் காசு போடுவார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வியாபாரத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கிரைண்டருக்கும் வண்டிக்கும் கொட்டேஷன் வாங்குங்கள். உங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கும் கிளைக்கே முதலில் போங்கள், பழக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

அங்கும் “இல்லை” என்றால், “காரணத்தை எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், அழவும் வேண்டாம். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு கொடுப்பதும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிப்பதும் வங்கியின் கடமை. 25 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்கு 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. “ஏரியா சரியில்லை” என்று வாயால் சொல்வது சுலபம். அதையே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கும் மேலாளரை நான் பார்த்ததில்லை. எழுதச் சொன்ன உடனே பல கதவு திறக்கும்.

முத்ரா கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் என்கிறார்கள். கட்ட முடியாமல் போனால் அரசாங்கம் கட்டிவிடும்தானே?
– ஒரு வாசகர், அயனாவரம்

கட்டாது. உத்தரவாதம் வங்கிக்குத்தான். உங்கள் கடன் அப்படியே இருக்கும், வங்கி உங்களிடம் வசூலிக்கத்தான் பார்க்கும், யார் கடனை ஒழுங்காகக் கட்டினார், யார் கட்டவில்லை என்று காட்டும் சிபில் பதிவிலும் ஏறிவிடும்.

மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்து, கல்விக் கடன் கேட்டு ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதால் அவருடைய சிபிலும் பார்க்கப்படும். பல வருடம் முன்பு “அரசாங்கக் கடன்தானே” என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாதியில் விட்ட 35,000 ரூபாய் அதில் இருந்தது. அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தயவுசெய்து அந்த நிலைமையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். தொழில் படுத்துவிட்டால், தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்ச் சொல்லுங்கள். தவணையைக் குறைத்து நாளை நீட்டித் தர வழி உண்டு. மூன்று மாதம் ஒளிந்துவிட்டு வந்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

வியாசர்பாடியில் வீட்டிலேயே தையல் வேலை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு ஜூக்கி மிஷின், ஒரு ஓவர்லாக் வாங்க 2 லட்சம் வேண்டும். ஒருவர் “முத்ரா லோன் முடித்துத் தருகிறேன், 15,000 கொடு, மானியமும் வரும்” என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

கொடுக்காதீர்கள் தம்பி. முத்ராவுக்கு ஏஜென்ட் யாரும் கிடையாது, முத்ராவில் மானியமும் கிடையாது. ஒரே வாக்கியத்தில் அவர் இரண்டு பொய் சொல்லியிருக்கிறார். முத்ரா நிறுவனம் நேரடியாக யாருக்கும் கடன் கொடுப்பதும் இல்லை. வங்கியும் நிதி நிறுவனமும்தான் கொடுக்கின்றன. வாட்ஸ்அப்பில் “உங்கள் முத்ரா கடன் பாஸ் ஆகிவிட்டது, ஃபைல் சார்ஜ் கட்டுங்கள்” என்று முத்திரை போட்ட கடிதம் வந்தால் அதுவும் மோசடிதான்.

உங்களுக்கு வேண்டியது கிஷோர் கடன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தொழில் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கடைக்காரர் சனிக்கிழமை கையில் காசாகக் கொடுக்கிறார், அது அப்படியே வீட்டுச் செலவுக்குப் போய்விடுகிறது, கணக்கில் ஒன்றும் ஏறுவதில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். வங்கி பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். இந்த வாரத்திலிருந்து கூலியைக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு தேவைக்கு எடுங்கள். முடிந்தால் கடைக்காரரையே கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை டஜன் கொண்டுபோனோம், எவ்வளவு கூலி என்று கடையில் எழுதித் தரும் துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். நான் மேலாளராக இருந்தபோது அப்படி ஒரு நோட்டைப் பார்த்துத்தான் ஒரு தையல்காரருக்குக் கடன் கொடுத்தேன். எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. ஆனால் நாலு வருடக் கணக்கும் தேதி வாரியாக அதில் இருந்தது.

ஆறு மாதம் பொறுத்துப் போய்க் கேளுங்கள். “இரண்டு மிஷின் வந்தால் இன்னும் இரண்டு பேரை உட்கார வைப்பேன், வாரத்துக்கு இத்தனை டஜன் கூடும், அதில் தவணை போக இவ்வளவு நிற்கும்” என்று சொல்லத் தெரிய வேண்டும். வங்கியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். மிஷின் போடும் இடத்தைக் காலி செய்து வையுங்கள், கரண்ட் லைன் தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள். இது வரைக்கும் கடனே வாங்காததால் சிபிலில் ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதல் முறை கடன் கேட்பவரை, பழைய கடன் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது.

காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறேன். தண்டல் வாங்கித்தான் பிழைப்பு ஓடுகிறது. 10,000 தண்டலுக்குக் கையில் 8,500 தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஸ்வநிதி கடன் வாங்கினால் அதைக் கொடுத்துத் தண்டலை அடைத்துவிடலாமா?
– ஒரு வாசகி, காசிமேடு

இந்தக் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். நீங்கள் என்ன வட்டி கொடுக்கிறீர்கள் என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

8,500 வாங்கி 10,000 கட்டுகிறீர்கள். பார்த்தால் 1,500 ரூபாய்தான், 100 நாளைக்கு. ஆனால் அந்த 8,500 உங்களிடம் 100 நாளும் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பப் போகிறது. ஐம்பதாவது நாளில் பாதி போயிருக்கும். சராசரியாகப் பார்த்தால் உங்களிடம் இருந்தது 4,250 ரூபாய். அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. வருடத்துக்குக் கணக்கிட்டால் 125 சதவீதத்துக்கும் மேல் போகிறது. ஒரு தண்டல் முடிந்ததும் அடுத்தது எடுப்பதால் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வட்டியாகவே போகிறது. நாலு மணிக்கு எழுந்து ஐஸ் வாங்கி, கூடை சுமந்து, நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்த பணம் அது.

பி.எம். ஸ்வநிதி 2020 ஜூனில், தெருவோர வியாபாரிகளுக்காகவே வந்த திட்டம். 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். முதல் கடன் 10,000-ஆக இருந்தது இப்போது 15,000. அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, அதையும் கட்டினால் 50,000. இதற்கும் அடமானம் கிடையாது, உத்தரவாதம் உண்டு. வட்டி 12 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 15,000-க்கு மாதம் சுமார் 1,333 வீதம் ஒரு வருடம். மொத்த வட்டி ஆயிரம் ரூபாய்க்குள். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உங்கள் கணக்குக்கே வந்துவிடும். போனில் காசு வாங்கினால் கேஷ்பேக்கும் உண்டு.

உங்கள் கேள்வி, தண்டலை அடைக்கலாமா என்பது. எனக்குத் தோன்றுவது இது. ஓடிக்கொண்டிருக்கும் தண்டலில் முப்பது, நாற்பது நாள்தான் பாக்கி என்றால் அதைக் கட்டியே முடியுங்கள். முன்கூட்டி அடைத்தாலும் 1,500-ல் அவர்கள் குறைக்கப் போவதில்லை. கடன் பணத்தைச் சரக்குப் பணமாகத் தனியே வையுங்கள், மீன் வாங்குவதைத் தவிர வேறு எதற்கும் தொடாதீர்கள். தண்டல் முடிந்த மறுநாளிலிருந்து அதே 100 ரூபாயைத் தினமும் உங்கள் கணக்கில் போடுங்கள். மாதம் 3,000 சேரும். தவணை 1,333 போனது போக 1,600 ரூபாய்க்கு மேல் உங்களுடையதாக நிற்கும். கடலுக்குப் போகத் தடை இருக்கும் ஏப்ரல், மே, ஜூன் நாட்களில் வியாபாரம் படுத்தாலும் அந்தப் பணத்திலிருந்து தவணை போய்க்கொண்டிருக்கும். அந்தத் தடைக்காலத்தில்தான் பலர் மறுபடி தண்டலுக்குப் போய்விடுகிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

மாநகராட்சி கொடுத்த தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் மண்டல அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், அதை வைத்தும் விண்ணப்பிக்கலாம். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் இப்போது நீங்கள் வைத்திருக்கும் நம்பர்தானா என்று போவதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஓடிபி வராமல் திரும்பி வருபவர்கள் நிறைய.

தண்டல்காரர் வீட்டுக்கு வந்து மிரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. போலீஸில் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாமல் குழுப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

புளியந்தோப்பு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவன், வயது 27. புதுப்பேட்டையில் எட்டு வருடம் மெக்கானிக் வேலை பார்த்தேன். சொந்தமாக டூவீலர் சர்வீஸ் கடை போட 6 லட்சம் ஆகும். கையில் சேமிப்பு இல்லை. மானியத்தோடு எந்தக் கடன் நல்லது?
– ஒரு வாசகர், புளியந்தோப்பு

தம்பி, உங்களுக்கு முத்ராவைவிட நல்ல வழி இருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டுமானது. திட்டச் செலவில் 35 சதவீதம் அரசு மானியம், 65 சதவீதம் வங்கிக் கடன். உங்கள் கைப்பணம் என்று ஒன்று வைக்க வேண்டியதில்லை. 6 லட்சத்துக்கு 2,10,000 மானியம் போக 3,90,000-தான் கடன். அதற்கும் 6 சதவீத வட்டி மானியம் தனியாக உண்டு. படிப்புத் தகுதி கேட்பதில்லை.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தையும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் நகரத்தில் உங்களுக்கு 25 சதவீத மானியம், உங்கள் பங்கு 5 சதவீதம். 6 லட்சத்துக்கு நீங்கள் 30,000 கொண்டுவர வேண்டும். மானியத் தொகையும் மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கும், கடை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். அந்தத் தொகை அளவுக்கு வட்டி போடமாட்டார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் கையில் சேமிப்பே இல்லாத உங்களுக்கு மாநிலத் திட்டம்தான் பொருந்தும்.

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் தொழில் வணிகத் துறையின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு நேரில் போங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். ஆனால் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வந்தால் பாதிச் சந்தேகம் தீரும். சாதிச் சான்று, கம்ப்ரசர், ஹைட்ராலிக் ராம்ப், டூல்ஸ் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி நம்பர் போட்ட கொட்டேஷன், கடைக்கான வாடகை ஒப்பந்தம் வேண்டும். கடன் கைக்கு வருவதற்குள் அட்வான்ஸைக் கொடுத்து வாடகை ஏற விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் போடும்போதே, கடன் வந்த மாதத்திலிருந்து வாடகை என்று உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். எட்டு வருடம் வேலை பார்த்த கடையில் அனுபவச் சான்று கேட்டு வாங்குங்கள். முதலாளி வருத்தத்தில் இருந்தாலும் கேளுங்கள்.

“எழுதிக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்” என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். எனக்கு மனு எழுதத் தெரியாது. எப்படி எழுதுவது?
– ஒரு வாசகி, பெரும்பாக்கம்

இதோ, அப்படியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

“கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் ………… தொழில் செய்து வருகிறேன். முத்ரா திட்டத்தில் ………… ரூபாய் கடன் கேட்டு, ………… தேதியில் உங்கள் கிளையில் விண்ணப்பம் கொடுத்தேன். ………… தேதியில் நேரில் வந்தபோது கடன் தர இயலாது என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு,” என்று முடித்து, பெயர், முகவரி, போன் நம்பர், கையெழுத்து.

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் கிளை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. எப்படி எழுதுவது என்று 14448-க்குப் போன் செய்தால் சொல்வார்கள். கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு, அதற்குள் குறைதீர்ப்பாளர் போகமாட்டார். ஆனால் பதிலே சொல்லாமல் இழுத்தடித்ததைக் கேட்பார். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இந்தத் திட்டங்களில் எந்த வங்கி எவ்வளவு கொடுத்தது என்று கேட்டு உட்காரும் கூட்டம் அவர் பொறுப்பில்தான் நடக்கிறது.

முத்திரை போட்ட அந்தப் பிரதியை ரேஷன் கார்டு வைக்கும் உறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கிளைக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.